முதுமைத் தளர்ச்சியும் தடுப்பூசியும்

காரணமின்றி எடை குறைதல், ஓயாத அசதி, கைப்பிடியில் வலுவின்மை, மெதுவான நடை, சுருங்கிய நடமாட்டம் ஆகிய ஐந்தில் மூன்று தென்பட்டால் அதை முதுமைத் தளர்ச்சி என்று மருத்துவம் கணிக்கிறது. தடுப்பூசி மிகவும் தேவைப்படுவது இவர்களுக்கே. ஆனால் அது எளிதில் சென்று சேராததும் இவர்களையே.

தொற்று செய்யும் சேதம்

இளைஞரை நான்கு நாள் படுக்க வைக்கும் ஃபுளூ காய்ச்சல், தளர்ந்த முதியவரின் வாழ்க்கையையே மாற்றிவிடக்கூடும். பத்து நாள் படுக்கையில் கால் தசைகள் கரைகின்றன. அதுவரை தாமாகவே கழிவறைக்குப் போய்வந்தவர், காய்ச்சல் விட்ட பிறகும் துணையின்றி எழ முடியாமல் போகலாம். நிமோனியா, மாரடைப்பு ஆகியவற்றின் அபாயமும் கூடுகிறது. தளர்ந்த உடலில் தடுப்பூசியின் பலன் சற்றுக் குறைவுதான் என்றாலும், நோய் முற்றும் அபாயத்தை அது குறைக்கிறது.

போட வேண்டியவை

ஃபுளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் அதற்கான ஊசி ஆண்டுதோறும் தேவை. எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எனவே சென்னைவாசிகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வது நல்லது. நிமோகாக்கல் ஊசியின் வகையையும் தவணையையும் மருத்துவர் முடிவு செய்வார். அக்கித் தடுப்பூசி, 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை. அக்கி ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியிலிருந்து அது காக்கிறது. டெட்டனஸ்–டிப்தீரியா ஊசி 10 ஆண்டுக்கு ஒருமுறை.

தடைகள்

2017–18இல் நடந்த இந்திய முதுமை ஆய்வில், 45 வயதைக் கடந்தவர்களில் ஃபுளூ ஊசி போட்டிருந்தோர் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. தேசியத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மையமாகக் கொண்டு வளர்ந்தது. பெரியவர்கள் பெரும்பாலும் காசு கொடுத்தே போட்டுக்கொள்கிறார்கள். "இந்த வயசுல ஊசி எதுக்கு?" என்ற எண்ணம் ஒருபுறம், மருத்துவர் எடுத்துச் சொல்லாதது மறுபுறம். மூட்டுவலியோடு மூன்றாம் மாடியில் முடங்கியவருக்கோ, லிஃப்ட் இல்லாத படிக்கட்டே பெரிய தடை.

கிண்டி காட்டும் வழி

1899இல் தொடங்கிய சென்னை கிண்டி கிங் நிலையம், பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த இடம். அதே வளாகத்தில் முதியோருக்காக எழுப்பப்பட்ட கட்டடம், 2020 ஜூலையில் கொரோனா மருத்துவமனையாகச் செயல்படத் தொடங்கியது. 2024 பிப்ரவரி 25 அன்று அது 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும்போதே தடுப்பூசி விவரத்தையும் கேட்டு, அன்றே போட்டு அனுப்பினால் இன்னொரு அலைச்சல் மிச்சமாகும்.

வெளியே வர இயலாதவர்களைத் தேடிப் போக வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டு போகிறார்கள். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பட்டியலைக் கொண்டு, குளிர்பெட்டியுடன் செவிலியர் ஒருவர் போனால் ஊசியும் அந்த மூன்றாம் மாடிப் படியேறும்.

வீட்டார் கவனத்துக்கு

கடுமையான காய்ச்சல் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டும். முன்பு ஊசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓரிரு நாள் கைவலியும் அசதியும் இயல்பு; அப்போது தடுமாறி விழாமல் துணை இருப்பது நல்லது. உடன் வாழ்பவர்களும் பராமரிப்பவரும் ஃபுளூ ஊசி போட்டுக்கொண்டால், முதியவரைத் தொற்று அண்டும் வாய்ப்பு குறையும். போட்ட ஊசியின் பெயரையும் தேதியையும் எழுதி மாத்திரை டப்பாவில் வைத்தால், அடுத்த தவணை தவறாது.