ஆற்றின் தூய்மை நம் அடுப்படியில் தொடங்குகிறது

தைப்பூசத் திருநாளில் பத்துமலைக்குக் காவடி எடுக்கும் அடியார்கள், அருகில் ஓடும் சுங்கை பத்து ஆற்றங்கரையில் நீராடிப் பூசை செய்து புறப்படுவது நெடுங்கால வழக்கம். நம் முன்னோர் அந்த ஆற்றில் இறங்கியே முழுகினர். இன்றோ கரையிலுள்ள குழாய்களின் கீழ் நின்று நீராடுவோர் பலர். ஆறு அதே ஆறுதான். நீர்தான் முன்போல் இல்லை.

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜொகூர், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய கொடுமையைச் சட்டம் தண்டிக்கும். நம் வீடுகளிலிருந்து நாள்தோறும் வெளியேறும் அழுக்கை யார் தடுப்பது?

வீட்டைச் சுற்றியுள்ள கால்வாய் மழைநீருக்காக அமைக்கப்பட்டது. அதில் விழுவது சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்வதில்லை. நேரே ஓடையை அடைகிறது. சுங்கை பத்து கோம்பாக் ஆற்றிலும், கோம்பாக் ஆறு மஸ்ஜிட் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றிலும் கலந்து கடலை அடைகின்றன. நாம் ஊற்றும் ஒரு கிண்ணம் எண்ணெயும் அவ்வழியே பயணம் செய்கிறது.

எங்கள் ஆலயத்திலும் இத்தவறு நிகழ்ந்ததை ஒப்புக்கொள்கிறேன். அன்னதானத்திற்கு வடை பொரித்த எண்ணெயைப் பின்புறக் கால்வாயில் ஊற்றுவதைப் பல ஆண்டுகள் கண்டும் காணாதவனாய் இருந்தேன். ஒரு திருவிழாவின் மறுநாள் கால்வாய் அடைபட்டு, நாற்றமெடுத்த நீர் மடைப்பள்ளி வாயில்வரை ஏறியது. தொழிலாளர் வாரியெடுத்த எண்ணெய்க் கட்டிகளுக்கிடையே, முதல்நாள் சுவாமிக்குச் சாற்றிய மாலைகள் கிடந்தன. வெட்கித் தலைகுனிந்தேன்.

அன்றுமுதல் எண்ணெயை ஆறவைத்து வடிகட்டிப் பீப்பாயில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் ஒப்படைக்கிறோம். மாலைகளை நூல் நீக்கி, நந்தவனக் குழியிலிட்டு எருவாக்குகிறோம்.

இல்லத்தரசியரும் குடும்பத் தலைவர்களும் செய்யக்கூடியவை எளியவையே. எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் பழைய தாளால் துடையுங்கள். கழுவுதொட்டியில் சல்லடை வைத்து, சோற்றுப் பருக்கையையும் தேயிலைத் தூளையும் தடுத்துச் செடிகளுக்கு இடுங்கள். சலவைத்தூளை அளவோடு பயன்படுத்துங்கள். அதில் பாஸ்பேட் இருந்தால் அது பாசியைப் பெருக்குகிறது, அப்பாசி மடிந்து அழுகும்போது நீரின் பிராணவாயு குறைந்து மீன்கள் மடிகின்றன. வாகனத்தைப் புல்தரையில் நிறுத்திக் கழுவினால் சவர்க்கார நீர் மண்ணில் ஊறிவிடும். மிஞ்சிய சாயத்தையும் பூச்சிமருந்தையும் கால்வாயில் ஊற்றாதீர்கள். வீட்டில் கழிவுத்தொட்டி இருப்பின், 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு அகற்றச் செய்யுங்கள். பழைய சுவாமி படங்களையும், நெகிழிப் பையில் கட்டிய பூசைப் பொருள்களையும் ஆற்றில் விடுவது புண்ணியமாகாது.

ஆற்றைத் தாயென வணங்கும் மரபு நம்முடையது. வணங்கும் கையே அவள்மீது குப்பையை வீசலாமா? வரும் தைப்பூசத்திற்கு விரதம் தொடங்கும் நாளிலேயே, கால்வாயில் எண்ணெய் ஊற்றுவதில்லை என்னும் விரதத்தையும் மேற்கொள்வோம். நம் பேரப்பிள்ளைகளேனும் குழாயைத் தேடாமல் ஆற்றில் இறங்கி முழுகிப் பால்குடம் ஏந்தும் நாள் வர, எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் புரிவாராக.

- ஆலயச் செயலாளர்