கார் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி இந்தச் சத்தத்தைக் கவனிங்க!

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பலரும் சொல்வது, "பேட்டரி போயிருக்கும்!" பல நேரம் அது சரிதான். ஆனால் சோதிக்காமல் புது பேட்டரி வாங்கினால், ஒரு லூஸ் கனெக்‌ஷனுக்காகச் சில ஆயிரம் ரூபாய் வீணாகலாம். கோளாறு எங்கே என்பதைச் சத்தமே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் பார்க் அல்லது நியூட்ரலில் இருக்க வேண்டும். மேனுவல் கார் என்றால் கிளட்சை முழுசா மிதிச்சுப் பாருங்க.

சத்தமே இல்லையா?

டாஷ்போர்டு விளக்கும் எரியவில்லை என்றால் பேட்டரி முழுசா இறங்கியிருக்கலாம் அல்லது டெர்மினல் கழன்றிருக்கலாம். விளக்குகள் எரிந்து, சாவி அல்லது பூட்டு சின்னம் மின்னினால், கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். ஸ்பேர் சாவியை முயற்சி செய்யுங்கள். புஷ் பட்டன் கார் என்றால், பல மாடல்களில் சாவியைப் பட்டனை ஒட்டி வைத்து அழுத்தினாலே போதும்.

'டக் டக்'னு சத்தமா?

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வெளிச்சம் நன்றாக மங்கினால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினலில் வெள்ளை, பச்சை நிறத்தில் பூத்திருக்கிறது. மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால், செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம்.

மல்டிமீட்டர் இருந்தால் வேலை சுலபம். முழு சார்ஜில் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே என்றால் நன்றாக இறங்கிவிட்டது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். வராவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டரில் இருக்கலாம். அப்போது புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும்.

இன்ஜின் சுத்துது, ஆனா பத்தலையா?

வழக்கமான வேகத்தில் சுற்றினால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் ஓகே. பெட்ரோல் காரில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், பின்பக்கம் ஓரிரு விநாடி 'ம்ம்' என்ற மெல்லிய சத்தம் பெரும்பாலும் கேட்கும். அது ஃப்யூயல் பம்ப். கேட்கவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். கேட்டால், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், சென்சார் என மெக்கானிக் சோதிக்க வேண்டியிருக்கும். அங்கே பல ஆயிரம் வோல்ட் பாயும், நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். டீசல் காரில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. சுருள் வடிவ விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

இதெல்லாம் செய்யாதீங்க

* ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை ஓட்டாதீர்கள். அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.
* வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து, செலவு பல மடங்காகிவிடும்.
* ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள்.

மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாமல், "செல்ஃப் சுத்துது, ஆனா பத்தல" என்று சொல்லிப் பாருங்கள். என்ன எடுத்து வர வேண்டும் என்று அவருக்குப் புரியும். தேவையில்லாத பொருளை உங்கள் தலையில் கட்டுவதும் கஷ்டம்.