கரையில் நின்ற தாய்



வைத்திக்குப்பம் கடற்கரையில் விடியற்காலையில் காத்து நிற்கும் தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலரே அப்படி நின்றவர்கள். படகு கண்ணில் படும்வரை அதிகம் பேச்சு இருக்காது. மகனின் முகம் தெரிந்த பிறகுதான் மீன் எவ்வளவு என்ற கேள்வி வரும். பிறகு கூடையோடு பெரிய மார்க்கெட்டுக்கு ஓட்டம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பிள்ளைகளின் பசிக்குத் தடைக்காலம் கிடையாது.

ஆகஸ்ட் 27 அன்று திருச்சபை நினைவுகூரும் புனித மோனிக்காவும் கடற்கரையில் நின்ற தாய்தான். இன்றைய அல்ஜீரியாவில் இருந்த தகாஸ்தே என்ற ஊரில் வாழ்ந்தவர். கணவர் முன்கோபி. வாழ்நாளின் இறுதியில்தான் கிறிஸ்தவரானார். மகன் அகுஸ்தீனோ பெரிய படிப்பாளி. ஆனால் தாயின் விசுவாசத்தை விட்டு மானிக்கேயர் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்.

383ஆம் ஆண்டில் அவர் உரோமைக்குப் புறப்பட்டபோது, போகாதே, போனால் என்னையும் கூட்டிப்போ என்று கெஞ்சியபடி அம்மா கரைவரை வந்தார். மகன் என்ன செய்தார் தெரியுமா? நண்பரை வழியனுப்பத்தான் வந்தேன், காற்று வீசும்வரை அவரோடு இருக்கிறேன் என்று பொய் சொன்னார். அருகில் புனித சிப்பிரியான் நினைவாக இருந்த கோவிலில் அம்மா இரவெல்லாம் அழுது ஜெபித்தார். விடிந்து கரைக்கு வந்தபோது கப்பல் இல்லை. இதை எழுதிவைத்தவர் பொய் சொன்ன அந்த மகனேதான்.

அன்றிரவு மோனிக்கா கேட்டது ஒன்றே: கப்பல் போகக்கூடாது. கப்பல் போய்விட்டது. ஜெபம் வீணானது என்றுதான் நாமும் சொல்லியிருப்போம். ஆனால் அந்தக் கப்பல் ஏறியதால்தான் அகுஸ்தீன் பிறகு மிலான் நகருக்குப் போய் ஆயர் அம்புரோசைச் சந்தித்தார். அன்று கேட்டதைக் கொடுக்காமல், அவர் எப்போதும் கேட்டுவந்ததைக் கடவுள் கொடுத்தார் என்று மகனே பின்னாளில் புரிந்துகொண்டார்.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. கடல் கடந்து மகனைத் தேடிப் போனார். நடுவழியில் புயல். பயணிகளுக்கு மாலுமிகள் தைரியம் சொல்வதுதான் வழக்கம். அன்று இந்த விதவைத் தாய் மாலுமிகளுக்கே தைரியம் சொன்னார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா திருவிழிப்பில் அகுஸ்தீன் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய மகன் அதெயோதாத்துசும் கூடவே பெற்றான். பாட்டிக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்!

எல்லாத் தாய்மாரின் கண்ணீரும் இப்படித் துடைக்கப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கடற்கரையில் எத்தனையோ தாய்மார் பிள்ளையின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். குடியால் மகனை இழந்தவர்களும் உண்டு. அவர்களிடம் போய், இன்னும் ஜெபித்திருந்தால் நடந்திருக்காது என்று யாரும் சொல்லக்கூடாது. அது விசுவாசம் அல்ல, கொடுமை. சிலுவையடியில் நின்ற மரியன்னையின் ஜெபத்திலா குறை இருந்தது? அந்த அம்மா அவர்களோடு நிற்கிறார். அந்த நேரத்தில் சொல்வதற்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மோனிக்கா ஊர் திரும்பவே இல்லை. கப்பலுக்காகக் காத்திருந்த ஓஸ்தியா துறைமுகத்தில், ஒரு சன்னலோரம் மகனோடு விண்ணக வாழ்வைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். சில நாட்களில் காய்ச்சல் கண்டு 56ஆம் வயதில் இறந்தார். சொந்த ஊரில் கணவரின் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்று முன்பு இடமே ஏற்பாடு செய்து வைத்திருந்தவர், கடைசியில் அதையும் விட்டுவிட்டார். உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் பிள்ளைகளிடம் அவர் கேட்டது.

திருப்பலியில் இறந்தோரை நினைவுகூரும்போது, உங்கள் அம்மாவின் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள். கரையில் காத்து நிற்கும் அம்மாக்களுக்காகவும் வேண்டிக்கொள்வோம். ஆமென்.