காணாமல் போன ஒரு வார்த்தை

"எழுத்துப் பிழைதான் மேடம் திருத்தியிருக்கோம். வேற ஒண்ணும் மாறலை. வெள்ளிக்கிழமை நல்ல நாள், கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார் எங்கள் பில்டர்.

மாமனார் கட்டிய பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டுவதாக ஏற்பாடு. பாதி எங்களுக்கு, பாதி அவருக்கு. ஒப்பந்தம் ஆங்கிலத்தில், முப்பத்தொரு பக்கம். முதல் பிரதியை எங்கள் வக்கீலம்மா படித்துச் சரி என்று சொல்லியாயிற்று. இப்போது ஈமெயிலில் வந்திருப்பது இரண்டாவது. மறுபடியும் முப்பத்தொரு பக்கத்தையும் யார் படிப்பது? என் கணவர், "பெரிய மனுஷர், பொய்யா சொல்லப் போறார்?" என்று பேப்பரில் முகத்தைப் புதைத்துக் கொண்டார்.

என் மாமியார்தான் விடவில்லை. அத்தைக்கு எண்பது வயது. கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, ஒரு வக்கீல் ஆபீசில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். "டைப் அடிச்சா மட்டும் போதாதும்மா. ஒருத்தி பழசை உரக்கப் படிக்கணும், இன்னொருத்தி புதுசிலே விரலை வெச்சுப் பார்த்துண்டே வரணும். அப்புறந்தான் வக்கீல் கையெழுத்துப் போடுவார்" என்றார்.

அன்று ஊரிலிருந்து வந்திருந்த என் பெண் சிரித்தாள். "பாட்டி, அதை இப்போ கம்ப்யூட்டரே பண்ணிடும்."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பாருங்கள், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை! வேர்டில் ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்துகொண்டு மேலே 'ரிவ்யூ' என்பதை அழுத்தினாள். அதில் 'கம்பேர்' என்று ஒன்று. எது பழைய பிரதி, எது திருத்திய பிரதி என்று கேட்டது. இரண்டையும் காட்டியதும் மூன்றாவதாகப் புதுப் பிரதி ஒன்று திறந்தது. நீக்கிய வார்த்தைகளின் மேல் குறுக்குக் கோடு, சேர்த்த வார்த்தைகளின் கீழே அடிக்கோடு. நம்முடைய இரண்டு ஃபைலும் தொட்டது தொட்டபடி இருக்கின்றன. இணையத்தில் 'கூகுள் டாக்ஸ்' உபயோகிப்பவர்களுக்கு 'டூல்ஸ்' பகுதியிலும், இலவசமாகக் கிடைக்கும் 'லிப்ரே ஆபீஸ்' வைத்திருப்பவர்களுக்கு 'எடிட்' பகுதியிலும் இதே வசதி உண்டு.

எதிராளி தான் செய்த திருத்தங்களைக் குறித்துக் காட்டாமல் அனுப்பியிருந்தாலும் இது கண்டுபிடித்துவிடும். அதுதான் விசேஷம். எப்படி என்று என் பெண் சொன்னது எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். இரண்டு கதம்பச் சரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே வரிசையில் வருகிற பூக்களை எவ்வளவு நீளமாகப் பொருத்த முடியுமோ அவ்வளவு பொருத்துங்கள். பழைய சரத்தில் ஜோடி சேராமல் நிற்கிற பூ உதிர்ந்தது. புதிய சரத்தில் நிற்பது செருகியது. இந்த வேலைக்கு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மக்கில்ராய் என்பவர் 1970களிலேயே 'டிஃப்' என்று ஒரு புரோகிராம் எழுதிவிட்டாராம். அதன் வழிமுறையை ஜேம்ஸ் ஹன்ட் என்பவரோடு சேர்ந்து 1976-இல் வெளியிட்டிருக்கிறார். நாம் அப்போது அம்மியில் அரைத்துக் கொண்டிருந்தோம்!

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மொத்தம் இருபத்தேழு மாற்றங்கள். இருபத்து நாலு நிஜமாகவே எழுத்துப் பிழைகள்தான். மனுஷர் பொய் சொல்லவில்லை. மீதி மூன்றைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'பதினெட்டு மாதத்தில் முடித்துத் தரவேண்டும்' என்பதற்குப் பின்னால் 'மேலும் ஆறு மாதச் சலுகைக் காலம்' என்று முளைத்திருந்தது. ஆறு மாத வாடகை யார் தலையில்? பிளானை மாற்ற 'உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம்' வேண்டும் என்று இருந்தது, 'உரிமையாளருக்குத் தெரிவித்துவிட்டு' என்று ஆகியிருந்தது. மூன்றாவது, 'கவர்டு கார் பார்க்கிங்' என்பதில் 'கவர்டு' காணோம். ஒரே வார்த்தை! கண்ணால் படித்திருந்தால் நான் நிச்சயம் கோட்டை விட்டிருப்பேன்.

இதில் சில தொல்லைகளும் உண்டு. ஸ்கேன் செய்து அனுப்பிய பிடிஎஃப் வெறும் படம். அதை அப்படியே ஒப்பிட முடியாது. ஆகவே ஆரம்பத்திலேயே வேர்டு ஃபைலாகக் கேளுங்கள். ஒரு பத்தியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்திருந்தால், இங்கே அழித்து அங்கே புதிதாகச் சேர்த்த மாதிரி காட்டிக் குழப்பலாம். தமிழ்ப் பத்திரமானால், ஒன்று பழைய பாமினி எழுத்திலும் மற்றது யூனிகோடிலும் இருந்துவிட்டால், முதலிலிருந்து கடைசிவரை எல்லாமே மாறிவிட்டது என்று மிஷின் அலறும். எழுத்தின் பருமன், இடைவெளி போன்ற மாற்றங்களெல்லாம் வேண்டாம் என்றால், 'மோர்' என்பதை அழுத்தி அவற்றுக்கான டிக்கை எடுத்துவிடலாம். ஆனால் எந்த மாற்றம் முக்கியம், எது சில்லறை என்று மிஷினுக்குத் தெரியாது. அதற்கு வக்கீல்தான்.

வக்கீலம்மா போனில் பேசியதும் பில்டர், "டைப்பிஸ்ட் பழைய ஃபார்மட்டைப் போட்டுட்டான் மேடம்" என்றார். நம்பினேனா என்று கேட்காதீர்கள். மூன்றாம் பிரதி வந்தது. அதையும் முதல் பிரதியோடு ஒப்பிட்டோம். அந்த மூன்றும் பழையபடி ஆகியிருந்தன.

வெள்ளிக்கிழமை தள்ளிப் போய், அடுத்த புதன்கிழமை முத்திரைத்தாளில் அச்சடித்துக் கொண்டு வந்தார்கள். நான் பேனாவை எடுத்தேன்.

"இரும்மா" என்றார் அத்தை. "நீங்க ஒப்பிட்டது கம்ப்யூட்டர்லே இருக்கறதை. கையெழுத்துப் போடப் போறது இந்தக் காகிதத்திலேன்னா?"

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதை என் பெண்ணும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அத்தை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். நான் லேப்டாப்பில் வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பில்டரின் ஆள் இரண்டு காபி குடித்தார். முப்பத்தோராவது பக்கத்தில் புள்ளி வைத்த பிறகுதான் அத்தை பேனாவை என் கையில் கொடுத்தார்.