குடித்தனக்காரர்கள் சண்டை: பியூசை பிடுங்கினால் வீட்டுக்காரருக்கே சிக்கல்!

கவரைப்பேட்டை,–

காலை 7 மணி. நைட் ஷிப்டு முடித்து வந்த வாலிபர்கள் குளிக்க நிற்கிறார்கள். பிள்ளையை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டிய தாய் குடத்தோடு நிற்கிறார். சென்னை ரெயிலை பிடிக்கவேண்டியவர் தோளில் துண்டோடு நிற்கிறார்.

குழாய் ஒன்று. பாத்ரூம் ஒன்று.

அப்புறம் என்ன? சண்டைதான்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு பக்கத்தில் இருக்கும் ஊர் கவரைப்பேட்டை. ரெயிலில் அடுத்த ஸ்டேஷன். ஜி.என்.டி. ரோட்டில் பஸ்சும் உண்டு. கம்பெனி ஆட்கள், வடமாநில தொழிலாளர்கள், குடும்பத்தினர் என்று எல்லோரும் இந்த வட்டாரத்தில் வீடு தேடுகிறார்கள். பி.எப். பணத்தை போட்டு நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டால், அந்த நாலில் வரும் பணத்தில்தான் வீட்டுக்காரர் வீட்டு அடுப்பும் எரியும்.

"அவங்களை காலி பண்ண சொல்லுங்க. இல்லேன்னா நாங்க போறோம்க்கா!"

இந்த பேச்சு வந்ததும் வீட்டுக்கார அம்மாவுக்கு வயிற்றை கலக்கும். ஒரு போர்ஷன் பூட்டிக்கிடந்தால் அந்த மாதம் கால்பங்கு வருமானம் போச்சு!

குழாயடி பஞ்சாயத்து

பெரும்பாலான வீட்டுக்காரர்கள் செய்யும் முதல் தப்பு, குழாயடியிலேயே பஞ்சாயத்து பேசுவது. நாலு பேர் முன்னால் யாரும் இறங்கி வரமாட்டார்கள். இரண்டாவது தப்பு, 5-ந் தேதி தவறாமல் வாடகை கொடுப்பவர் பக்கம் சாய்வது. வாடகையை ஒழுங்காக கொடுப்பவர் குழாயடியிலும் ஒழுங்காக இருப்பார் என்று யார் சொன்னது?

இரண்டு வீட்டையும் தனித்தனியாக கேட்கவேண்டும். இந்தி பேசும் பையன்கள் என்றால், அவர்களோடு வேலை செய்யும் தமிழ் தெரிந்த ஒருவரை கூட வைத்துக்கொள்வது நல்லது. "தண்ணியை வீணாக்காதே" என்று சொன்னது, வசவாக காதில் விழுந்து கைகலப்பில் முடிவதும் உண்டு.

கேட்டுப்பார்த்தால் பல சண்டைகளில் ஆள் மேல் குற்றம் இருக்காது. நைட் ஷிப்டு பார்த்தவர் பகலில் தூங்குகிறார். பக்கத்து போர்ஷன் குழந்தை பகலில் விளையாடுகிறது. இதில் யாரை காலி செய்ய சொல்வது? ஷிப்டு ஆட்களுக்கு கடைசி போர்ஷனை கொடுத்திருந்தால் பாதி தகராறு வந்திருக்காது.

கரண்டு பில்லும் அப்படித்தான். நாலு வீட்டுக்கும் ஒரே மீட்டர் என்றால், யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். இலவச யூனிட்டும் அந்த ஒரு மீட்டருக்குத்தான். பில்லை நாலாக பிரித்தால், ஒரு பேன் ஓட்டியவர் பக்கத்து வீட்டு கரண்டு அடுப்புக்கும் சேர்த்து அழவேண்டும். அவர் சும்மா இருப்பாரா? வீட்டுக்கு ஒரு மீட்டர் வாங்கிக்கொடுக்க செலவாகும். ஆனால் அந்த செலவு வீட்டுக்காரருடையதுதான்.

நள்ளிரவு பியூஸ்

கோபத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் பியூசை பிடுங்குவது, குழாயை அடைப்பது... இங்கேதான் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்கிறார்.

2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் புதிய வாடகை சட்டம் தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்தக்கூடாது என்கிறது. பாதிக்கப்பட்டவர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். திரும்ப இணைப்பு கொடுக்க அவர் உத்தரவு போடலாம். அதுவரை பஞ்சாயத்து பேசியவர், அன்று முதல் எதிர் மனுதாரர்!

சாட்சிக்கு யார் வருவார்?

1960-ம் ஆண்டு வாடகை சட்டத்தில், அதே கட்டிடத்தில் குடியிருக்கும் மற்றவர்களுக்கு தொல்லை கொடுப்பவரை வெளியேற்ற மனு போடலாம் என்று பளிச்சென்று இருந்தது. புதிய சட்டத்தில், நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டை தவறாக பயன்படுத்துவது ஒரு காரணம். பொதுத்தொல்லை கொடுப்பதும் அதில் சேரும்.

ஆனால் வீட்டுக்காரர் வாய்வார்த்தை மட்டும் வாடகை கோர்ட்டில் எடுபடுமா? பக்கத்து போர்ஷன்காரர் வந்து சொன்னால்தான் கேசுக்கு பலம். சண்டை அன்று பத்து பேர் கூடுவார்கள். சாட்சி என்றதும் பத்து பேருக்கும் அன்றைக்கு டூட்டி இருக்கும்!

எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு பதிவு செய்யவேண்டும் என்பதும் சட்டம். எத்தனை பேர் தங்குவது, வண்டியை எங்கே நிறுத்துவது, மோட்டார் எப்போது என்பதையெல்லாம் அதிலேயே எழுதிவிடலாம். "பார்த்துக்கலாம்ணே" என்று சாவியை கொடுத்தவர், பிறகு எதை காட்டி பேசுவார்?

கை ஓங்கிவிட்டால் அது வீட்டுக்காரர் வேலை அல்ல. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கவேண்டும். தகராறு தொடரும் என்று தெரிந்தால், அமைதி காப்பதாக எழுதி வாங்க நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பழைய 107-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 126-வது பிரிவு.

கடைசியில் ஒருவர் காலி செய்ய சம்மதித்தாலும் இன்னொரு தலைவலி இருக்கிறது. சாவியை கொடுக்கும்போதே அவர் அட்வான்சை கேட்பார். அந்த பணம் பல வீடுகளில் எப்போதோ டைல்சாகவும் மோட்டாராகவும் மாறியிருக்கும்.