நெத்தி லைட்டா, கை டார்ச்சா? ராக்காவலுக்குப் போகும் விவசாயிகள் எதை வாங்கலாம்?

"மாப்ள, ஆன்லைன்ல நல்ல லைட்டா ஒண்ணு பார்த்துப் போடு. தலையில மாட்டுறதா, கையில பிடிக்கிறதா, நீயே சொல்லு!"

கூடலூர் பக்கம் மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கும் மாமா, போன வாரம் போனில் இப்படிக் கேட்டார். கதிர் பால் பிடிக்கும் நேரம். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் போதும், மூணு மாச உழைப்பு மண்ணோடு போய்விடும். அதனால் சாப்பிட்டு முடித்ததும் கம்பும் டார்ச்சுமாகக் காவலுக்குக் கிளம்பிவிடுவார்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் விசாரிக்க ஆரம்பித்தபோதுதான், இதில் இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று தோன்றியது. கம்பம் பள்ளத்தாக்கில் காவலுக்குப் போகும் எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை

வெளிநாட்டு இணையதளங்களில் இந்த லைட்டுகளை 'இரவு வேட்டைக்கு' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதைப் பார்த்து இங்கே யாரும் ஆசைப்பட்டுவிடாதீர்கள். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, அதற்கு முயற்சி செய்வதுகூட 'வேட்டை'தான். சிறுத்தை, புலி, யானை போன்றவை என்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

பன்றிக்கு மட்டும் தமிழக அரசு 2025-ல் ஒரு வழிமுறை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம். ஆனால் சுட வேண்டியது பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான், நாம் அல்ல! ஆக, நம் கையில் இருக்கும் விளக்கு நம் உயிரையும் பயிரையும் காக்க மட்டுமே.

கார்பெட்டையே கைவிட்ட விளக்கு

ருத்ரபிரயாகையில் 125 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் ஆட்கொல்லிச் சிறுத்தையை, 1926 மே மாதத்தில் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். துப்பாக்கியில் டார்ச்சைப் பொருத்திக்கொண்டு மரத்தில் காத்திருந்தார். சுட்ட அதே சமயத்தில் டார்ச் அணைந்துவிட்டது. குண்டு பட்டதா, இல்லையா என்பதே தெரியாமல் இருட்டில் மரத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வளவு பெரிய வேட்டைக்காரருக்கே அந்த நிலைமை. ஒரே ஒரு லைட்டை நம்பி இருட்டில் இறங்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன உதாரணம் வேண்டும்?

நெத்தி லைட்: பிளஸ், மைனஸ்

ஆண்டிபட்டி பக்கம் விடியும் முன் மல்லிகை பறிப்பவர்கள் நெற்றியில் லைட் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கைகளும் சும்மா இருக்கும் என்பதுதான் இதன் பெரிய வசதி. ஒரு கையில் கம்பு, இன்னொரு கையில் போன் வைத்துக்கொள்ளலாம். வரப்பில் தடுமாறினால் ஊன்றிக்கொள்ளலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. சிறுத்தை, காட்டெருமை, நாய் போன்றவற்றின் கண்ணுக்குள் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதில் படும் வெளிச்சம் வந்த வழியே திரும்பும். விளக்கு நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால், அந்த மினுமினுப்பு நன்றாகத் தெரியும். ஆனால் பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது! 'கண்ணு மின்னலையே, ஒண்ணும் இல்லை' என்று நினைத்து நடந்தால் பன்றி மேலேயே போய் நிற்போம்.

மைனஸ் என்ன? பனியிலும் சாரலிலும் வெளிச்சம் நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். பூச்சிகள் முகத்தில் மொய்க்கும். பக்கத்தில் வருபவரைத் திரும்பிப் பார்த்தால் அவர் கண் கூசிவிடும்.

கை டார்ச்: பிளஸ், மைனஸ்

தூரத்துக்கு இதுதான் நல்லது. வெளிச்சம் குவிந்து போவதால், வயலின் அடுத்த ஓரத்தில் என்ன அசைகிறது என்று நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம்.

முக்கியமான விஷயம், பாம்பு. நெற்றியிலிருந்து விழும் வெளிச்சத்தில் பொருட்களின் நிழல் நமக்குத் தெரியாது. தரை தட்டையாகத் தெரியும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து அடித்தால், சின்னக் குச்சிக்கும் நிழல் விழும். சருகுக்குள் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியன் கண்ணில் பட வாய்ப்பு அதிகம்.

மைனஸ்? ஒரு கை எப்போதும் அதற்கே போய்விடும். விழுந்தால் முதலில் டார்ச்தான் பறக்கும்.

வாங்கும்போது பாருங்கள்

* 'இத்தனை ஆயிரம் லூமன்ஸ்' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். லூமன் என்பது மொத்த வெளிச்சம். அது எவ்வளவு தூரம் போகும் என்பது குவியத்தைப் பொறுத்தது.
* குறைந்த வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பாருங்கள். காவல் விடிய விடிய!
* சிவப்பு விளக்கு வசதி இருந்தால் நல்லது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். வெள்ளை வெளிச்சம் அதை நொடியில் கெடுத்துவிடும்.
* மழையில் நனைந்தாலும் எரிய வேண்டும்.

லைட் தீர்க்காத பிரச்னை

2023 மே 27 அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 144 தடை உத்தரவு போடும் அளவுக்குப் போனது. ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அப்படி ஒரு யானை முன்னால் நின்றால், எந்த லைட்டும் நம்மைக் காப்பாற்றாது. வெளிச்சம் அடித்துச் சீண்டாமல், சத்தமில்லாமல் விலகி வனத்துறைக்குச் சொல்வதுதான் ஒரே வழி.

மின்சாரத்தை நேரடியாக வேலியில் பாய்ச்சுவது இதைவிட ஆபத்து. மிருகத்துக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் மாட்டிச் செத்த கதைகள் நிறைய. சூரியசக்தி வேலி போடுவதாக இருந்தாலும் வனத்துறையிடம் முறையாகக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பயிர் சேதமானால் போட்டோ எடுத்து, இழப்பீட்டுக்கு வனத்துறையிடம் மனுக் கொடுங்கள். பாம்பு கடித்தால் உடனே 108. கீறுவது, கட்டுவது எல்லாம் வேண்டாம்.

சரி, மாமாவுக்கு என்ன வாங்கினேன்?

இரண்டும்தான்! நடக்கும்போது குறைந்த வெளிச்சத்தில் நெத்தி லைட், பரணில் இருந்து பார்க்கவும் பாதையைக் கவனிக்கவும் கை டார்ச். ஒன்று அணைந்தால் இன்னொன்று இருக்கும்.

கூடவே ஒரு கண்டிஷனும் போட்டேன். "தனியா இறங்கக் கூடாது மாமா. பக்கத்துத் தோட்டக்காரரையும் கூட்டிக்கங்க."

"சரி மாப்ள, அப்ப அவருக்கும் ஒரு லைட் போட்டுடு" என்றார். ஆர்டர் போட்டாச்சு!