சுறாவா, ராட்சதக் கணவாயா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

ஆழமான நீரில் முதலை எதையும் வெல்லும். நீரைவிட்டு வெளியே வந்தால் மற்றவை அதனை வெல்லும் என்கிறார் வள்ளுவர். இடனறிதல் அதிகாரத்தில் அரசர்களுக்கு அவர் சொன்ன இவ்வுண்மை விலங்கியல் மாணவர்களுக்கும் பொருந்தும். ஓர் உயிரினம் எவ்வளவு கொடியது என்று யாரேனும் கேட்டால், ‘எந்த இடத்தில்?’ என்று திருப்பிக் கேட்பதே முறை. கடலில் மனிதனுக்குச் சுறா ஆபத்தா, ராட்சதக் கணவாய் ஆபத்தா என்ற கேள்வியையும் இவ்வழியிலேயே ஆராய்வோம்.

படைக்கலங்கள்

முதலில் சுறாவை எடுத்துக்கொள்வோம். சுறாக்களில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மனிதரைக் கொல்லக்கூடியவை அவற்றுள் மிகச் சிலவே. பெரிய வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. வெள்ளைச் சுறா 6 மீட்டர் வரை வளரும். அதன் முக்கோணப் பற்களின் ஓரம் ரம்பம் போன்றது. ஒரு பல் விழுந்தால் பின்வரிசையிலிருந்து மற்றொன்று முன்னே வந்துவிடும். மூக்குப் பகுதியிலுள்ள நுண்துளைகள், இரையின் தசைகள் அசையும்போது எழும் மிகச் சிறிய மின்புலத்தையும் உணரவல்லவை. இருட்டில் ஒளிந்தாலும் தப்ப முடியாது!

நம் மீனவர்கள் ஊசிக் கணவாய் என்று அழைக்கும் உயிரினத்தின் தூரத்து உறவினனே ராட்சதக் கணவாய். முதுகெலும்பற்ற மெல்லுடலியான இதற்கு 8 கைகளும், இரையை எட்டிப் பிடிக்க 2 நீண்ட பற்றுக்கரங்களும் உண்டு. அவற்றையும் சேர்த்து அளந்தால் 12 மீட்டர் வரை இருக்கும். உறிஞ்சிகளின் விளிம்பில் பல் போன்ற முனைகளுடைய வளையங்கள்; கைகளின் நடுவே கிளிமூக்கு போன்ற அலகு; சாப்பாட்டுத் தட்டளவு, அதாவது சுமார் 27 சென்டிமீட்டர் விட்டமுடைய கண்கள்!

ஆனால் இதற்கு ஒரு குறையும் உண்டு. இதன் உணவுக்குழல் மூளையின் நடுவே செல்கிறது. ஆகவே பெரிய துண்டுகளை விழுங்க இயலாது. அலகால் நறுக்கி, அரம் போன்ற நாக்கால் அராவியே உண்ண வேண்டும். ஆளை முழுதாக விழுங்கும் கணவாய் கதைகளில் மட்டுமே உண்டு.

கதையும் உண்மையும்

1861இல் கானரித் தீவுகளுக்கருகே ‘அலெக்டான்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் ஒரு ராட்சதக் கணவாயைக் கண்டது. சுட்டதும் குத்தியதும் கப்பலில் இருந்தவர்களே. கணவாய் யாரையும் தாக்கவில்லை. ஆயினும் 1870இல் வெளிவந்த ஜூல்ஸ் வெர்னின் நாவலில் கணவாய்கள் நீர்மூழ்கிக் கப்பலையே தாக்கின. 1873இல் நியூபவுண்ட்லாந்து மீனவர்கள், தம் படகைப் பற்றிய ராட்சதக் கணவாயின் கரத்தைக் கோடரியால் வெட்டினர். கரைக்கு வந்த துண்டு மட்டுமே 19 அடி! கணவாயோ விலகிச் சென்றுவிட்டது. ராட்சதக் கணவாய் ஒரு மனிதரைக் கொன்றதாக மெய்ப்பிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை.

இடமே தீர்ப்பு

காரணம் எளிது. நாமும் அதுவும் சந்திப்பதே இல்லை. உயிருள்ள ராட்சதக் கணவாயை அதன் இருப்பிடத்தில் முதன்முதலாக 2004இல்தான் ஜப்பானிய விஞ்ஞானி குபோடேராவும் அவருடைய துணைவரும் படமெடுத்தனர். இடம் ஒகசவாரா தீவுகளுக்கருகே, 900 மீட்டர் ஆழம். அங்கே நீரின் அழுத்தம் நாம் வாழும் தரையில் உள்ளதைப்போல் சுமார் 90 மடங்கு. பொழுதுபோக்காக மூழ்குவோருக்கு விதிக்கப்பட்ட எல்லையோ 40 மீட்டர். அந்த ஆழத்தில் கணவாய் நம்மைத் தொடுமுன்பே கடல் நம்மைக் கொன்றுவிடும். கணவாய் மேலே வந்தாலோ, அது கரையேறிய முதலையே. நீர்மட்டத்தில் காணப்படுபவை பெரும்பாலும் இறந்தவை அல்லது இறக்கும் நிலையில் உள்ளவை.

சுறா அப்படியன்று. நாம் நீந்தும் ஆழமற்ற நீருக்கே அது வரும். காளைச் சுறா ஆறுகளுக்குள்ளும் நுழையும். எனவே மனிதனுக்கு ஆபத்தானது சுறாவே என்று தீர்ப்புக் கூறலாம்.

இவ்விரு குலங்களும் தமக்குள் மோதுவதும் உண்டு. 2019இல் ஹவாய்த் தீவுகளுக்கருகே படமெடுக்கப்பட்ட ஒரு சுறாவின் உடலில் பெரிய கணவாயினத்தின் உறிஞ்சித் தழும்புகள் இருந்தன. ஆழத்தில் நடந்த போரில் அந்தச் சுறா உயிர்தப்பி வந்திருக்கிறது.

உண்மையில் கொடியவர் யார்?

சுறாவின் ஆபத்தும் எவ்வளவு? 2023இல் உலகெங்கும், சீண்டாமலேயே சுறா கடித்ததாக உறுதிசெய்யப்பட்ட நிகழ்ச்சிகள் 69. அவற்றில் இறந்தோர் 10 பேர். மறுபுறம், மீன்பிடித்தலால் 2019ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 8 கோடிச் சுறாக்கள் மாண்டதாக ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். 1970இலிருந்து 2018க்குள் பெருங்கடல் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 71 விழுக்காடு குறைந்துவிட்டது. பெருஞ்சுறாக்கள் பல ஆண்டுகள் கழித்தே பருவமடையும். ஈனும் குட்டிகளும் சிலவே. இழப்பை ஈடுசெய்ய அவற்றால் இயலவில்லை. 1975இல் வெளிவந்த ‘ஜாஸ்’ திரைப்படம் சுறாவை அரக்கனாக்கியது. அதன் மூலக்கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியே பிற்காலத்தில் சுறாக்களைக் காக்கப் பாடுபட்டார்.

வலையில் வந்த வருவாயால் கல்லூரிக்கு வந்தவன் நான். வலை வீசாதீர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சுறா அழிந்தால், அது உண்டு கட்டுப்படுத்தும் உயிர்கள் பெருகிக் கடலின் சமநிலை குலையலாம். அந்த இழப்பு முதலில் வந்து சேர்வது மீனவர் வீட்டுக்கே. வலையில் சிக்கிய சுறாக்குட்டி உயிரோடிருந்தால் அதைக் கடலிலேயே விட்டுவிடுங்கள் என்று எங்கள் வீட்டில் நான் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். முதலை கரையேறினால் வலுவிழக்கும். மனிதனோ தனக்குரிய இடமல்லாத கடலிலும் வெல்கிறான். வெல்லத் தெரிந்தவனுக்கு விடவும் தெரிய வேண்டும்.